இரண்டு கார்டு போட்டும் வேகம் ஏன் கூடவில்லை: ஒரு கணினியின் நிகழ்வு ஆய்வு

பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எழுத்தைப் படித்தெடுத்து, சுருக்கம் எழுதி வைக்கும் ஒரு சிறு குழுவின் கணினி இது. ஆவணங்கள் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது என்பது அவர்களுக்கு இருந்த கட்டாயம். அதனால் இணையச் சேவை எதையும் நம்பாமல், 7,000 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட ஒரு திறந்த மொழி மாடலைத் தங்கள் கணினியிலேயே ஓட்டத் தீர்மானித்தார்கள். மெட்டாவின் லாமா 3 வரிசையில் வரும் 70பி மாடல் அது.

இந்த மாடலை எண்ணுக்கு 4 பிட் என்ற அளவுக்குச் சுருக்கினாலும் சுமார் 40 ஜிபி இடம் பிடிக்கும். கையில் இருந்ததோ 24 ஜிபி நினைவகம் கொண்ட, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு. அதே போல இன்னொன்றை வாங்கி, சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டில் இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டினார்கள். மாடல் ஓடியது. ஆனால் கணினியைப் பார்த்துக்கொள்பவர் என்னிடம் வந்தபோது சொன்னது இது: “ரெண்டு கார்டு போட்டும் ஒரு கார்டு வேகம்தான் வருதுங்க. ரெண்டுமே பாதி நேரம் சும்மா இருக்கு. சரின்னு இன்னொரு மோட்ல போட்டுப் பார்த்தா, அதுல வேகம் இன்னும் குறையுது, சில சமயம் மெஷினே ரீஸ்டார்ட் ஆயிடுது.”

மூன்று புகார்கள். மூன்றும் ஒரே கேள்வியில் போய் முடிந்தன: வேலையை எந்த இடத்தில் வெட்டி இரண்டு கார்டுக்கும் பங்கு போடுகிறோம், வெட்டிய இடத்தைத் தாண்டி எவ்வளவு தரவு எத்தனை முறை போக வேண்டியிருக்கிறது? கணினியைத் திறப்பதற்கு முன்னால் அவருடைய எதிர்பார்ப்பைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

விளையாட்டுகள் விட்டுச்சென்ற எதிர்பார்ப்பு

இரண்டு கார்டு என்றால் இரண்டு மடங்கு வேகம் என்ற எண்ணம் கணினி விளையாட்டுகளிலிருந்து வந்தது. 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டை ஒரு சிறு கேபிளால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரையும். தனியாக 800×600 வரை போன கார்டு, ஜோடி சேர்ந்ததும் 1024×768-ஐ எட்டியது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொண்டது. எஸ்எல்ஐ என்ற பெயர் கொண்ட இந்த இணைப்பு முறை 2004-ல், பிசிஐஇ என்ற ஸ்லாட் வகைக்கான கார்டுகளில் மறுபடியும் வந்தது, அடுத்த ஆண்டே போட்டி நிறுவனமான ஏடிஐ இதே போன்ற தன் கிராஸ்ஃபயரை இறக்கியது.

இந்த இரண்டாவது சுற்றில் வரி வரியாகப் பிரிக்கும் பழக்கம் போய்விட்டது. ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் வரும் ஒரு முழுப் படத்தை, முதல் கார்டு வரையும், அடுத்த ஃப்ரேமை இரண்டாவது கார்டு வரையும். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லாத வரை இது அருமையான வெட்டு. பல விளையாட்டுகளில் சராசரி ஃப்ரேம் எண்ணிக்கை இரட்டிப்பை ஒட்டி வரவும் செய்தது. எஸ்எல்ஐ வெறும் விளம்பர வித்தை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, அது நியாயமில்லை என்பதே என் கருத்து. அது நம்பியிருந்த சூழ்நிலைதான் மாறிப்போனது.

முதல் சிக்கல் சீரற்ற இடைவெளி. இரண்டு ஃப்ரேம்களுக்கும் சேர்த்து 33 மில்லிநொடி ஆனால் நொடிக்கு 60 ஃப்ரேம் என்று கணக்கு காட்டும். ஆனால் முதல் இடைவெளி 5 மில்லிநொடி, அடுத்தது 28 மில்லிநொடி என்று வந்தால் கண்ணுக்குத் தெரிவது தடுக்கித் தடுக்கி ஓடும் காட்சி. இதை மட்டுப்படுத்த, ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி 2013-ல் தனி டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிட்டது. அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. நவீன விளையாட்டுகள் விளிம்புகளை மென்மையாக்க முந்தைய ஃப்ரேமின் தரவை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கின. அந்த முந்தைய ஃப்ரேம் இருப்பதோ பக்கத்துக் கார்டில். அதுவரை எதுவும் கடக்காமல் இருந்த எல்லையை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பெரிய தரவு கடக்க வேண்டியதாயிற்று. விளையாட்டுகள் கார்டோடு பேச உதவும் மென்பொருளான டைரக்ட்எக்ஸ், 2015-ல் வந்த அதன் 12-ஆம் பதிப்பில், பல கார்டுகளைக் கையாளும் பொறுப்பை விளையாட்டை எழுதுபவரிடமே கொடுத்தது. மிகச் சிலரே அந்த உழைப்பைப் போட்டார்கள். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒரு விளையாட்டு எஸ்எல்ஐயில் ஓட வேண்டிய அமைப்பு) வராது என்று என்விடியா அறிவித்தது. 30 வரிசை விளையாட்டுக் கார்டுகளில், இரு கார்டுகளை நேராக இணைக்கும் என்விலிங்க் இணைப்பு இருந்தது 3090-க்கும் அதன் டிஐ வகைக்கும் மட்டும்தான். 2022-ல் வந்த 4090-ல் அதுவும் இல்லை.

அந்தக் காலத்தின் இன்னொரு பழக்கமும் இங்கே முக்கியம். இரண்டு கார்டுக்கும் ஒரே காட்சிதான் வேலை என்பதால், படங்களும் வடிவங்களும் இரண்டிலும் நகலாக இருக்க வேண்டும். 24 ஜிபி கார்டு இரண்டு இருந்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது 24 ஜிபிதான். வேகம் கூடும், இடம் கூடாது. நம் குழு மாடலை ஓட்டிய முறையில் நிலைமை நேர் தலைகீழ். இதைப் புரியவைத்ததும் முதல் புகாரின் பாதி கரைந்துவிட்டது.

பாதி நேரம் சும்மா இருப்பது கோளாறா?

அவர்கள் லாமா.சிபிபி மென்பொருளில் அடுக்குவாரியாகப் பிரிக்கும் முறையை வைத்திருந்தார்கள். மாடலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும் 80 அடுக்குகள். முதல் 40 அடுக்கு ஒரு கார்டில், மீதி 40 அடுத்த கார்டில். ஒரு டோக்கன் (மாடல் எழுதும் ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக வேண்டுமென்றால் முதல் கார்டு தன் 40 அடுக்கை முடித்து, 8,192 எண்கள் கொண்ட ஒரு வரிசையை இரண்டாவது கார்டுக்கு அனுப்பும். எண்ணுக்கு 2 பைட் என்றால் வெறும் 16 கேபி. இரண்டாவது கார்டு மீதி 40 அடுக்கை முடித்த பிறகுதான் டோக்கன் கிடைக்கும். அந்த டோக்கன் இல்லாமல் அடுத்த டோக்கனைத் தொடங்க முடியாது. ஆகவே ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கிறது. கண்காணிப்புத் திரையில் இரண்டும் பாதிப் பாதி என்று தெரிந்ததற்கு இதுதான் காரணம். கோளாறு ஏதுமில்லை.

வேகத்தைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். ஒற்றை ஆளுக்கு டோக்கன் உருவாக்கும்போது கார்டின் கணக்கிடும் திறன் தடையாக நிற்பதில்லை. ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடல் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும், தடை அங்கேதான். 3090-இன் நினைவக பேண்ட்விட்த், அதாவது நினைவகத்திலிருந்து படிக்கும் வேகம், நொடிக்கு 936 ஜிபி. கார்டுக்கு 20 ஜிபி என்றால் படிக்க 21 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக என்பதால் மொத்தம் 43 மில்லிநொடி. நொடிக்கு 23 டோக்கன்தான் உச்சவரம்பு, நடைமுறையில் அதற்கும் கீழேதான் வரும். இதே பேண்ட்விட்த்தில் 48 ஜிபி கொண்ட ஒரே கார்டு இருந்தால்கூட இதே வேகம்தான்.

அப்படியானால் இரண்டாவது கார்டு என்னதான் தந்தது? அது இல்லாமல் ஓட்டியிருந்தால், முதல் கார்டில் 22 ஜிபி போக மீதி 18 ஜிபி கணினியின் பொது நினைவகத்தில் கிடக்கும். இரட்டைச் சேனல் டிடிஆர்4-3200 நினைவகத்தின் பேண்ட்விட்த் நொடிக்கு 51.2 ஜிபி. அந்த 18 ஜிபியைப் படிக்கவே 350 மில்லிநொடி போய்விடும். நொடிக்கு 3 டோக்கன்கூடத் தேறாது. ஒப்பிட வேண்டியது இந்த 3-ஐத்தான். மாடல் ஒரே கார்டில் அடங்கியிருந்தால் வந்திருக்கும் வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு, அது இரட்டிப்பாகவில்லையே என்று குழு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு டோக்கனுக்கு 160 சந்திப்புகள்

இரண்டாவது புகாருக்கு வருவோம். இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டுமென்றால் வெட்டை மாற்ற வேண்டும். அடுக்குகளைப் பங்கு போடாமல், ஒவ்வொரு அடுக்கின் எண் அணிகளையும் (மேட்ரிக்ஸ்) நடுவே பிளந்து பாதியை இங்கும் பாதியை அங்கும் வைப்பது டென்சர் பிரிப்பு முறை. விஎல்எல்எம் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. இப்போது 20 ஜிபியை இரண்டு கார்டும் சமகாலத்தில் படிக்கும், 43 மில்லிநொடி 21 ஆகக் குறையும்.

ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு இடத்தில், சொற்களுக்கிடையேயான தொடர்பைக் கணிக்கும் கவனப் பகுதி (அட்டென்ஷன்) முடிந்ததும் ஒரு முறை, அதன் பின்னால் வரும் வலைப் பகுதி முடிந்ததும் ஒரு முறை, இரு கார்டுகளும் தத்தம் பாதி விடையைக் கூட்டிச் சரிசெய்தாக வேண்டும். 80 அடுக்குக்கு 160 சந்திப்பு, அதுவும் ஒவ்வொரு டோக்கனுக்கும். ஒரு சந்திப்பில் கைமாறுவது அதே 16 கேபிதான், அளவு பொருட்டே இல்லை. சந்திக்க ஆகும் காத்திருப்புதான் பொருட்டு. ஒரு சந்திப்புக்கு 50 மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டால் 160-க்கு 8 மில்லிநொடி கூடும். 21-உடன் சேர்த்து 29, நொடிக்கு 34 டோக்கன் வரை இடமிருக்கிறது. அதுவே 150 மைக்ரோநொடி ஆனால் 24 மில்லிநொடி கூடும். மொத்தம் 45, அடுக்கு முறையைவிட மோசம். மென்பொருள் அதேதான், கார்டும் அதேதான். நடுவில் உள்ள பாதை மட்டும்தான் வேறு.

நீளமான ஆவணத்தை மாடலுக்குக் கொடுக்கும் கட்டத்தில் அளவும் பொருட்டாகிவிடுகிறது. 4,096 டோக்கன் கொண்ட உரையை ஒரே மூச்சில் படிக்கும்போது, ஒரு சந்திப்பில் போவது 16 கேபி இல்லை, 64 எம்பி. 160 சந்திப்புக்குச் சேர்த்து 10 ஜிபியைத் தாண்டும்.

பார்வைக்கு முழு ஸ்லாட், உள்ளே 4 லேன்

கணினியைத் திறந்து பார்த்ததில் இரண்டாவது கார்டு இருந்த ஸ்லாட் முழு நீளம். வெளித்தோற்றத்தில் முதல் ஸ்லாட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் மதர்போர்டின் கையேட்டில், அந்த ஸ்லாட்டுக்குப் போவது மூன்றாம் தலைமுறை பிசிஐஇயின் 4 லேன்கள் (தரவு போகும் தடங்கள்) மட்டும் என்றும், அவையும் பிராசஸரிலிருந்து நேராக வராமல் சிப்செட் என்ற துணைச் சில்லு வழியாகச் சுற்றி வருகின்றன என்றும் இருந்தது. நெட்வொர்க், யுஎஸ்பி, சில சேமிப்பகங்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும் அதே பாதை. நொடிக்கு சுமார் 4 ஜிபிதான் போகும்.

இதைச் சரிபார்க்கும்போது பலரையும் ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. கார்டு சும்மா இருக்கும் நேரத்தில் இணைப்பின் வேகத்தைக் கேட்டால் முதல் தலைமுறை வேகம், அதாவது லேனுக்கு நொடிக்கு 2.5 கிகா பரிமாற்றம், என்று காட்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இணைப்பு தானாகவே இறங்கிக்கொள்கிறது, வேலை வந்ததும் மேலே ஏறிவிடும். கணினியைப் பார்த்துக்கொள்பவர் முன்பே இதைக் கண்டு கார்டு கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்திருந்தார். மாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொன்னேன். வேகம் ஏறியது. லேன் எண்ணிக்கை மட்டும் 4-ஐ விட்டு நகரவில்லை. பார்க்க வேண்டிய எண் அதுதான்.

அடுக்கு முறையில் இந்தக் குறுகிய பாதை யாருக்கும் உறைக்கவே இல்லை. டோக்கனுக்கு 16 கேபி ஒரே ஒரு முறை போக 4 லேன் தாராளம். டென்சர் முறைக்கு மாறியதும்தான் குட்டு வெளிப்பட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என்விலிங்க் பிரிட்ஜ் இல்லாதபோது இரண்டு 3090-கள் ஒன்றின் நினைவகத்தை ஒன்று நேரடியாகத் தொட டிரைவர் விடுவதில்லை. தரவு முதலில் கணினியின் பொது நினைவகத்துக்கு இறங்கி, அங்கிருந்து அடுத்த கார்டுக்கு ஏற வேண்டும். 160 சந்திப்பும் இப்படி இரண்டு கட்டமாக, சிப்செட்டின் நெரிசலுக்குள் நுழைந்து வந்தன.

ரீஸ்டார்ட்டும் சூடும்

மூன்றாவது புகாரில் ஒரு நல்ல துப்பு இருந்தது. அடுக்கு முறையில் கணினி ஒருபோதும் ரீஸ்டார்ட் ஆனதில்லை, டென்சர் முறையில் மட்டும்தான். கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக்கில் எந்தப் பிழையும் பதிவாகவில்லை, திடீரென்று இருட்டிவிடுகிறது. மென்பொருள் கோளாறு என்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு வரியாவது எழுதிவிட்டுத்தான் சாகும்.

3090-க்கு நிர்ணயித்த மின்சாரம் 350 வாட். மில்லிநொடிக் கணக்கில் அதைத் தாண்டி எகிறும் கணங்களும் உண்டு. அடுக்கு முறையில் கார்டுகள் மாறி மாறி உழைப்பதால் இரண்டும் சேர்ந்து எகிறுவது அபூர்வம். டென்சர் முறையிலோ இரண்டும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன. இருந்தது 850 வாட் பவர் சப்ளை. 700 வாட் கார்டுகளுக்கே போக, பிராசஸரும் மற்றவையும் சேர, மேலே எகிறலும் வந்தால் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒரே கேபிளின் முனையில் தொங்கிய இரட்டை பிளக்கை ஒரு கார்டின் இரண்டு சாக்கெட்டிலும் சொருகியிருந்தார்கள். 8 முனை பிளக் ஒவ்வொன்றுக்கும் விதிப்படியான அளவு 150 வாட். இவ்வளவு இழுக்கும் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் போவதே முறை.

கார்டுகள் இரண்டும் மூன்று ஸ்லாட் தடிமன். நடுவில் விரல் நுழைய இடமில்லை. கீழ்க் கார்டு வெளியே தள்ளும் சூட்டைத்தான் மேல் கார்டு உள்ளே இழுத்தது. 3090-இல் நினைவகச் சில்லுகளில் பாதி பலகையின் பின்பக்கம் இருப்பதால், சூடு அங்கேயும் தேங்கும். ஒரு கார்டு சூட்டால் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் டென்சர் முறையில் மற்றதும் ஒவ்வொரு சந்திப்பிலும் அதற்காக நின்று நின்று போகும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் ஆகும் கதிதான்.

செய்த மாற்றங்கள்

முதலில் செலவில்லாதவை. இரண்டு கார்டுக்கும் மின் வரம்பை 250 வாட்டாக இறக்கினோம். ஒரே ஒரு கட்டளைதான், ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே தானாக ஓடும்படி வைத்தோம். டோக்கன் உருவாக்கும்போது தடை நினைவகத்தில்தான் என்பதால் வேகம் சொல்லும்படி குறையவில்லை. கேபிள்களைப் பிரித்து மாட்டினோம். ரீஸ்டார்ட் அன்றோடு நின்றது, பவர் சப்ளையை மாற்றத் தேவைப்படவில்லை.

அப்புறம் மதர்போர்டு. பிராசஸரின் 16 லேனை 8, 8 என்று இரண்டு ஸ்லாட்டுக்கும் பிரித்துத் தரும் ஒன்றை வாங்கினார்கள். நான்காம் தலைமுறை 8 லேன் என்றால் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 16 ஜிபியை ஒட்டிப் போகும், முன்பு இருந்ததைப் போல நான்கு மடங்கு. சிப்செட் சுற்றும் இல்லை. சூட்டுக்காக ஒரு கார்டை ரைசர் கேபிளில் (ஸ்லாட்டை நீட்டித் தரும் கேபிள்) தள்ளி நிறுத்தினோம். ரைசர் தரமில்லை என்றால் நான்காம் தலைமுறை வேகத்தில் பிழைகள் வந்துகொண்டே இருக்கும், கணினி அதை ஓசையில்லாமல் திருத்திக்கொண்டே ஓடும், வேகம் மட்டும் காரணமின்றித் தள்ளாடும். ஆகவே கெர்னல் லாக்கில் பிசிஐஇ பிழை வரிகள் வருகின்றனவா என்று முழுச் சுமையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினோம்.

என்விலிங்க் பிரிட்ஜ் வாங்கலாமா என்று நெடுநேரம் யோசித்தோம். 3090-இல் அது ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 56 ஜிபி தரும். ஆனால் பிரிட்ஜ் வளையாது. கார்டுகள் அது சொல்லும் இடைவெளியில்தான் நிற்க வேண்டும், ரைசரும் அதுவும் ஒத்துப்போகாது. என்ன லாபம் என்று கணக்குப் போட்டோம். 4,096 டோக்கன் ஆவணத்துக்குக் கடக்க வேண்டிய 10 ஜிபிக்கு, 8 லேனில் முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு, என்விலிங்கில் 0.2 நொடி. மிச்சம் அரை நொடி. அதே ஆவணத்தைப் படிப்பதற்கான கணக்கீடு மட்டும், இரண்டு 3090-உம் முழு வேகத்தில் ஓடினாலும், 4 நொடிக்கு மேல் ஆகும். அரை நொடிக்காகச் சூட்டை மறுபடி வரவழைப்பது தகாது என்று விட்டுவிட்டோம். மாடலைப் பயிற்றுவிப்பதுதான் வேலை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் கைமாறும் தரவு இதைவிட எவ்வளவோ பெரிது.

டென்சர் முறையில் டோக்கன் வேகம் அடுக்கு முறையைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கில் வந்து நின்றது. இரண்டு மடங்கு வராது என்பது 160 சந்திப்புக் கணக்கிலேயே தெரிந்ததுதான். பலர் ஒரே நேரத்தில் கேள்வி அனுப்பும் பகல் பொழுதில் லாபம் இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஒரு முறை படித்த மாடல் எல்லோருடைய டோக்கனுக்கும் உதவிவிடுகிறது.

முழு இரட்டிப்பு கிடைத்த இடம் வேறு. ஸ்கேன் செய்த பக்கங்களிலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் வேலைக்கான மாடல் சிறியது, ஒரே கார்டில் தாராளமாக அடங்கும். அதை இரண்டாகப் பிளக்காமல், கார்டுக்கு ஒரு பிரதி என்று தனித்தனியாக ஓட்டினோம். பக்கங்களில் பாதி இதற்கு, பாதி அதற்கு. கார்டுகளுக்கு நடுவே ஒரு பைட்கூடக் கடக்கவில்லை, பாதி நேரத்தில் வேலை முடிந்தது. இப்படிப் பிரிக்கும்போது எந்த எண் எந்தக் கார்டு என்பதில் கவனம் வேண்டும். வெவ்வேறு வகைக் கார்டுகள் கலந்திருந்தால், கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் என்விடியாவின் ‘கூடா’ (CUDA) மென்பொருள் இயல்பாக வேகமானதை முதலில் எண்ணும், கண்காணிப்புக் கருவியோ ஸ்லாட் வரிசையில் எண்ணும். ‘கூடா’வையும் ஸ்லாட் வரிசைக்கு மாற்றிவிட்டால் குழப்பம் தீரும்.

மூன்றாவது கார்டு

இவ்வளவும் ஆனபிறகு குழு கேட்டது, மூன்றாவதாக ஒன்றைப் போடலாமா என்று. டென்சர் முறைக்கு அது உதவாது. இந்த மாடலின் கவனப் பகுதியில் 64 தலைகள் (தனித்தனியாக இயங்கும் கூறுகள்), கார்டுகளுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும், 64 மூன்றால் வகுபடாது. இரண்டை விட்டால் நான்கு, அப்புறம் எட்டு. நான்கு கார்டுக்கு நல்ல பாதை வேண்டுமென்றால் டெஸ்க்டாப் பிராசஸரின் லேன்கள் போதாது. 128 லேன் தரும், ஏஎம்டியின் எபிக் போன்ற சர்வர் வகைக்குத்தான் போக வேண்டும்.

அடுக்கு முறைக்கு மூன்றாவது கார்டு நன்றாகவே பொருந்தும். வேகம் கூடாது, ஆனால் 72 ஜிபி இடம் கிடைக்கும். அவர்களுக்கு அது தேவைதான். இந்த மாடல் ஒவ்வொரு டோக்கனையும் நினைவில் வைத்திருக்க 320 கேபி எடுத்துக்கொள்கிறது. 32,768 டோக்கன் நீளமுள்ள ஒரு பெரிய ஆவணத்துக்கு 10 ஜிபி வேண்டும். இப்போதுள்ள 48-இல் மாடல் போக மிஞ்சும் 8 ஜிபியில் அது நுழையாது. புதிய மதர்போர்டிலும் சிப்செட் வழியாக வரும் 4 லேன் ஸ்லாட் ஒன்று சும்மா இருக்கிறது, அடுக்கு முறைக்கு அது போதும். இரவில் நீளமான ஆவணங்களை மூன்று கார்டில் அடுக்கு முறையிலும், பகலில் மற்ற வேலைகளை இரண்டு கார்டில் டென்சர் முறையிலும் ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். 250 வாட் வரம்பிலேயே மூன்று கார்டும் 750 வாட் கேட்கும் என்பதால், கார்டுக்கு முன்னால் பெரிய பவர் சப்ளை ஒன்றை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.